வயிற்றில் பை இருந்தாலும் வயிறாரச் சாப்பிடலாம், ஜமாஅத்திலும் தொழலாம்

குடல் புற்றுநோய், விபத்து, குடலடைப்பு போன்ற காரணங்களால் பெருங்குடலின் ஒரு பகுதியை வயிற்றின் வெளிப்புறத்துக்குக் கொண்டுவந்து, மலம் பையில் சேரும்படி செய்வதைக் கொலோஸ்டமி என்கிறார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ திருவனந்தபுரத்திலோ சிகிச்சை முடித்து, இப்படிப் பையோடு திரும்புகிறவர்கள் நம் குமரி மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் குறைவது சாப்பாடு. பை நிரம்பிவிடும், வாடை வரும், ஸஃப்பில் பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிப்பார் என்று பயந்து வெள்ளிக்கிழமை காலையில் பட்டினி கிடக்கிறார்கள். அதனால் பலன் இல்லை. வெறும் வயிற்றிலும் குடலில் காற்று சேர்ந்து பை உப்பத்தான் செய்யும். கூடவே, உடம்பு தேற வேண்டிய நேரத்தில் எடை இறங்கும்.

முதல் 6 முதல் 8 வாரங்கள் நார் குறைந்த, குழைந்த உணவு நல்லது: கஞ்சி, இட்லி, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு, முள் நீக்கிய மீன், முட்டை. பிறகு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் கவனித்தால் எது ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலோர் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடலாம். மலம் இளகிப்போனால் சோறு, மரச்சீனிக் கிழங்கு, வாழைப்பழம் கட்டும். இறுகினால் தண்ணீர், காய்கறி, பழங்களைக் கூட்ட வேண்டும். முட்டைக்கோஸ், பயறு வகைகள், சோடா பானங்கள் காற்றைக் கூட்டும். மீன், முட்டை, பூண்டு, வெங்காயம் வாடையைக் கூட்டும். மோர் அதைக் கொஞ்சம் தணிக்கும். மீன் வாடைக்காகக் கடலோரத்துக்காரர் மீனையே விட வேண்டியதில்லை. வெளியே போகும் நாளில் மட்டும் தவிர்த்தால் போதும். நேரம் தவறாமல், சிறுகச் சிறுக, நன்றாக மென்று சாப்பிடுவது எல்லாவற்றையும் விட முக்கியம்.

இது புது வைத்தியமும் அல்ல. 1793-இல் பிரான்சில் டியூரே என்ற மருத்துவர், மலவாய் இல்லாமல் பிறந்த சில நாள் குழந்தைக்கு இந்த அறுவையைச் செய்தார். அந்தக் குழந்தை 45 வயது வரை வாழ்ந்தது. அன்றைக்கு இப்போதுள்ள பைகள் கிடையாது.

இனி தொழுகை. வெளியேறுவதற்கு இடையில் ஒளுச் செய்து தொழும் அளவு இடைவெளி கிடைத்தால், எல்லாரையும் போல ஒளுச் செய்து தொழலாம். இடையில் வெளியேறினால் ஒளு முறியும். அப்படி இடைவெளியே நிச்சயமில்லாதவருக்குச் சலுகை இருக்கிறது. தொடர் உதிரப்போக்கு இருந்த ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களுக்கு, ஒவ்வொரு தொழுகைக்கும் ஒளுச் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபின்படி, வக்து வந்த பிறகு பையைக் காலி செய்து, சுத்தம் செய்து, ஒளுச் செய்து தாமதிக்காமல் தொழ வேண்டும். ஜமாஅத்துக்காகக் காத்திருப்பது தாமதமாகாது. தொழும்போது பையில் இறங்குவது மன்னிக்கப்பட்டது. ஓர் ஒளுவில் ஒரு ஃபர்ளும், விரும்பிய அளவு சுன்னத்தும் தொழலாம்.

பச்சை வெங்காயம், பூண்டு தின்றுவிட்டுப் பள்ளிக்கு வர வேண்டாம் என்ற நபிமொழியைத் தனக்குப் பொருத்திக்கொண்டு ஜும்ஆவை விடுகிறவர்கள், சரியாக ஒட்டிய பை வாடையை வெளியே விடாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒழுகும் பை என்றால் அது வேறு விஷயம். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்துவிட்டால் பெரும்பாலும் ஒழுகாது.

ரமழான் நோன்பை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். கீமோ சிகிச்சையில் இருப்பவர் விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். பை மாற்றுவதால் நோன்பு முறியாது. ஆனால் துவாரம் வழியாகத் தண்ணீர் ஏற்றிக் குடலைக் கழுவுவது ஷாஃபிஈ மத்ஹபில் நோன்பை முறிக்கும்; அதை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். இஃப்தாருக்கு நோன்புக் கஞ்சி நல்லது, வடை சமோசா வேண்டாம். சிறுகுடலில் துவாரம் வைத்த இலியோஸ்டமிக்காரருக்கு நீரும் உப்பும் அதிகம் வெளியேறும் என்பதால் நோன்பு இன்னும் ஆபத்தானது.

பெருநாள் மாலை குடும்பமே வட்டக்கோட்டைக்குக் கிளம்பும்போது, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்லயே இருக்கேன்" என்று வாப்பா சொன்னால் விட்டுவிடாதீர்கள். மாற்றுப் பை இரண்டு, தண்ணீர் பாட்டில், மெல்லிய துணி, கழிவைக் கட்டிப்போட ஒரு கவர், ஒரு மாற்றுச் சட்டை. இவ்வளவும் ஒரு தோள்பையில் அடங்கும். கிளம்புமுன் பையைக் காலி செய்துவிட்டால், கோட்டை மதில் மேல் கடற்காற்றில் நிதானமாக நடக்கலாம். நடப்பது குடலுக்கும் நல்லது. பேரப்பிள்ளையைத் தூக்க மட்டும் விடாதீர்கள். துவாரத்தின் அருகில் குடல் பிதுங்கக்கூடும்.

துவாரம் ஈரமாக, சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்தாலோ, வெளியேறுவது நின்று வாந்தியும் வயிற்று வலியும் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.