பிக்கப் லாரிக்கு முன் சக்கர விசை கூட்டுதல்

சேறான வயற்பாதையில், பின் சக்கரங்கள் மட்டும் விசை பெறும் பிக்கப் லாரி நின்ற இடத்திலேயே சுழன்று புதைந்துவிடும். அமெரிக்கப் பண்ணைக்காரர் இக்குறையை வெகுகாலமாகவே நீக்கி வந்திருக்கின்றனர். மின்னியாபொலிஸ் நகரத்து நாப்கோ கம்பெனியார் செவ்ரோலே லாரிகளுக்கென விற்று வந்த மாற்றுச் சாமான்கள், 1957 முதல் செவ்ரோலே தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரப்பட்டன. புதுச் சாமான் வாங்க இயலாதோர், விபத்திற் சிதைந்த நான்கு சக்கர விசை லாரியொன்றை வாங்கி, அதன் முன் இருசு, விசையைப் பங்கிடும் டிரான்ஸ்பர் பெட்டி, ஷாப்டுகள் ஆகியவற்றைக் கழற்றிக் கொள்வதுண்டு.

பணம் பாழாவது பெரும்பாலும் பல்சக்கர விகிதத்தைக் கவனியாமையால்தான். பின் இருசின் விகிதம் 4.1, முன் இருசினது 3.7 என்றிருப்பின், முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் ஓட முயலும். கெட்டித் தரையில் இருசோ ஷாப்டோ முறியவும் கூடும். ஆகையால் வாங்குமுன் எண்ணிப் பார்த்தல் அவசியம். சக்கரங்களிரண்டையும் ஜாக்கியால் தூக்கி, ஒருசேரப் பத்துச் சுற்றுச் சுற்றுக. ஷாப்டு 41 முறை சுழன்றால் விகிதம் 4.1 ஆகும். மற்ற இருசிலும் அதே எண் வரவேண்டும். டயர்களின் அளவும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

டிரான்ஸ்பர் பெட்டி இடம் பிடிப்பதால் பின் ஷாப்டைக் குறுக்க நேரிடும். முன்புறம் சுருள் வில் உள்ள லாரியாயின், பட்டை வில்லுக்குரிய தாங்கிகளைச் சட்டத்தில் புதிதாகப் பற்றவைக்க வேண்டிவரும். இது கைதேர்ந்த பட்டறைக்காரரிடமே விடத்தக்கது. உயரம் கூடுவதால் பிரேக் குழாய்களும் நீளமானவையாக இருத்தல் வேண்டும்.

உலர்ந்த தார் ரோட்டில் முன் விசையை விடுவித்தே ஓட்டுக. திருப்பங்களில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களினும் நீண்ட வழி செல்வதால், விசை சேர்ந்திருப்பின் ஷாப்டுகளில் முறுக்கேறும்.