பச்சைத் தண்ணீர் செய்த குற்றம் என்ன?

உங்கள் வீட்டுப் பின்புறத்தில் சிறியதாக ஒரு மீன் குளம் இருக்கிறதா? தோட்டத்து லயத்தின் பின்னால் பழைய சிமெண்டுத் தொட்டியில் திலாப்பியா வளர்ப்பவராக இருக்கலாம். பட்டணத்துத் தரைவீட்டில் கல் அடுக்கி, பம்ப் பொருத்தி, வண்ண வண்ணக் கோய் மீன்கள் விட்டவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் ஒருநாள் காலையில் தண்ணீர் நிறம் மாறி நிற்பதைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். உடனே கை ரப்பர் குழாயைத் தேடும். அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். நான் நிறுத்தவில்லை. அதனால் ஏழு மீன்கள் செத்தன. அவை என்னுடைய மீன்கள்கூட அல்ல.

சம்பவம் நடந்தது சிங்கப்பூரில், பிடோக் வட்டாரத்தில். என் அக்காவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பேட்டைதான் என்றாலும் கடற்கரைப் பக்கமாக உள்ள சாலைகளில் தரைவீடுகளும் இருக்கின்றன. அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. வீட்டின் பின்னால் 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் தம் கையாலேயே கட்டிய குளம்தான் அவருடைய உலகம். அதில் ஒன்பது கோய் மீன்கள். பெரியதற்கு வயது பதினொன்று. அவர் ஓரத்தில் வந்து நின்றாலே வாயைத் திறந்துகொண்டு மேலே வரும்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் அக்கா மகளின் நிச்சயதார்த்தத்திற்குப் போயிருந்தேன். குளம் பசலைக் கீரையை அரைத்து ஊற்றியதுபோல் நின்றது. மீன் இருப்பதே தெரியவில்லை. "சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? தம்பி, நீ வாத்தியார்தானே, ஏதாவது செய்யேன்" என்றார் அக்கா. வாத்தியார் என்று சொல்லிவிட்டால் நம் போன்றவர்களுக்குத் தெரியாதது என்று எதுவும் இல்லாமல் போய்விடும் அல்லவா! எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு மீன் தொட்டி உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை மாணவர்களை வைத்து இறைத்துக் கழுவி, குழாய் நீர் நிரப்பி, ஒருநாள் வெயிலில் விட்டு, பிறகு மீன்களை விடுவோம். இருபது வருடமாக ஒன்றும் நேர்ந்ததில்லை. அதே முறையைப் பிடோக்கிலும் செய்தேன். அத்தான் தயங்கினார். நான்தான் தைரியம் சொன்னேன்.

மீன்களைப் பழைய குளத்து நீரோடு ஒரு பெரிய பீப்பாய்க்கு மாற்றினோம். குளத்தை வற்ற இறைத்து, சுவரைத் தேய்த்து, வடிகட்டியில் இருந்த பஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை அலசினேன். நிரப்பி ஒருநாள் விட்டோம். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. மறுநாள் மாலையில் மீன்களை விட்டோம். இரண்டு மட்டும் இருட்டில் வலைக்குச் சிக்காமல் பீப்பாயின் அடியிலேயே நின்றுவிட்டன. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தோம்.

காலையில் தெளிந்த நீரில் ஏழு மீன்களும் மல்லாந்து மிதந்தன, பதினொரு வயது மீனும் சேர்த்துத்தான். பீப்பாயில், அழுக்கு என்று நான் கொட்டவிருந்த பச்சைத் தண்ணீரில், இரண்டு மீன்கள் சுகமாக நீந்திக்கொண்டிருந்தன. அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு செடிப்பக்கம் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

என்ன நடந்தது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். குழாய் நீரில் கிருமி கொல்ல மருந்து சேர்க்கிறார்கள். பல ஊர்களில் அது குளோரின். குளோரின் வாயு, வெயிலில் வைத்தாலும் காற்றுக் குமிழி விட்டாலும் ஒரு நாளில் பெரும்பாலும் போய்விடும். நாம் வழக்கமாகச் சொல்லும் யோசனை அந்த நீருக்குப் பொருந்தும். சிங்கப்பூரில் குழாய்க்குள் நெடுநேரம் நிலைத்து நிற்பதற்காகக் குளோரமின் சேர்க்கிறார்கள். குளோரினும் அம்மோனியாவும் கூடிய பொருள் அது. மனிதர் குடிக்க அந்த நீரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது ஒரு நாள் வைத்தால் போகிற சரக்கல்ல. பல நாள் தங்கும். மீனின் செவுள் வழியாக இரத்தத்தில் கலந்து, இரத்தம் பிராணவாயுவை ஏந்திச் செல்லும் சக்தியையே கெடுத்துவிடும். சுற்றிலும் நீரும் காற்றும் இருக்க, மீன் மூச்சு முட்டிச் சாகும்.

இரண்டாவது தவறு அந்தப் பஞ்சு. மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது மீனுக்கே விஷம். வடிகட்டியிலும் கல்லிலும் சுவரிலும் வழவழப்பாகப் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டைத் தின்றுதான் பாசி வளர்கிறது. நான் அழுக்கு என்று தேய்த்துக் கழுவியது அத்தான் பல வருடமாக வளர்த்து வைத்திருந்த துப்புரவுப் படையை!

அன்பர்களே, தண்ணீர் நிறம் மாறினால் முதலில் ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். அப்படியே ஓர் இரவு வையுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது மண். மழையில் எங்கிருந்தோ கரைந்து வருகிறது. வரும் வழியை அடைக்க வேண்டும். தேநீர்போலப் பழுப்பாக, ஆனால் ஊடுருவிப் பார்க்கக்கூடியதாக இருந்தால் இலைச்சாறு. பாதாம் மரத்து இலை, அதாவது மலாய்க்காரர்கள் கெத்தாப்பாங் என்கிற மரத்தின் இலை, விழுந்து ஊறினால் இந்த நிறம் வரும். இதனால் மீனுக்குக் கெடுதல் இல்லை. சண்டை மீன் வளர்ப்பவர்கள் அந்த இலையைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் மிஞ்சிய தீனி அழுகி நுண்ணுயிர் பெருகியிருக்கிறது, அல்லது என்னைப்போல் யாரோ வடிகட்டியைக் கழுவியிருக்கிறார்கள். கறுத்து நாற்றம் வந்தால் அடிச்சேற்றில் பிராணவாயு இல்லை என்று அர்த்தம்.

இரவு முழுவதும் வைத்தும் பச்சை பச்சையாகவே இருந்தால் அது மிதக்கும் பாசி. திலாப்பியா வளர்ப்பவர்கள் இதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அந்த மீனுக்கு இது தீனியும்கூட. அளவுதான் முக்கியம். கையைச் செங்குத்தாக நீரில் விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கி மறைந்தால் உணவு மீன் குளத்துக்குச் சரியான பச்சை. மணிக்கட்டு நனையும் முன்பே மறைந்தால் ஆபத்து. இது விளையாட்டு யோசனை அல்ல. 1865ல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கி, அது எவ்வளவு ஆழத்தில் மறைகிறது என்று அளந்தார். இன்றும் உலகமெங்கும் ஏரி நீரை அப்படித்தான் அளக்கிறார்கள். நமக்குத் தட்டு கையிலேயே இருக்கிறது.

ஆபத்து என்றேனே, அது பெரும்பாலும் விடியற்காலையில் வரும். பகலில் பாசி பிராணவாயுவை விடுகிறது. இரவில் மீனோடு போட்டியிட்டு அதையே இழுக்கிறது. சூரியன் உதிக்கும் முன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று தீனி போடாதீர்கள். மூச்சுக்குத் திணறுகின்றன. காற்றுப் பம்பு இரவெல்லாம் ஓட வேண்டும். தோட்டத்து நண்பர்களுக்கு இன்னொன்று: ஸ்டோரில் கிடைக்கும் மயில்துத்தத்தைக் கொட்டினால் பாசி சாகும் என்பார்கள். சாகும்தான். தாதுக்கள் குறைந்த மென்னீரில் செம்பு மீனையும் கொல்லும். செத்த பாசி அழுகும்போது மிச்சப் பிராணவாயுவையும் தின்றுவிடும்.

என் பாட்டி குடிநீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பார். சற்று நேரத்தில் கலங்கல் அடியில் படிந்துவிடும். சங்க இலக்கியமான கலித்தொகையிலேயே இது உவமையாக வந்திருக்கிறதென்றால் எவ்வளவு பழைய வழக்கம் பாருங்கள். படிகாரமும் அதே வேலையைச் செய்யும். ஆனால் இரண்டும் மண் கலங்கலுக்கு ஏற்றவை. பாசிக்குக் காரணம் இருக்கும்வரை எதைத் தேய்த்தாலும் அது மறுபடி வரும். மேலும் மென்னீரில் படிகாரம் புளிப்புத் தன்மையைக் கூட்டிவிடும். பானையில் மீன் இல்லை, குளத்தில் இருக்கிறது.

அக்கா வீட்டுக் குளம் ஏன் பச்சையாயிற்று? இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவன் நான். எல்லாம் முடிந்தபின் அத்தானே சொன்னார். அந்த வருடம்தான் வேர் சுவரைப் பிளக்கிறது என்று பின்புற மாமரத்தை வெட்டியிருக்கிறார்கள். பதினொரு வருடமாக இருந்த நிழல் போய்விட்டது. பிடோக் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி பக்கத்தில் இருக்கும் இடம். குளிர்காலத்தில் பாசி அடங்கும் என்று மேல்நாட்டுப் புத்தகத்தில் எழுதியிருப்பது அங்கே செல்லாது. போதாக்குறைக்குப் பேரப்பிள்ளைகள் காலையும் மாலையும் ரொட்டியைப் பிய்த்துப் போட்டிருக்கிறார்கள். வெயில் ஒருபுறம், எரு மறுபுறம். பாசி வளராமல் என்ன செய்யும்?

துக்கத்தோடு குளத்தை அப்படியே விட்டுவிடவும் முடியாது. மீன் இல்லாத நீரில் கொசு முட்டையிடும். டெங்கிக் காய்ச்சலுக்காகச் சிங்கப்பூரில் வீடு வீடாக வந்து சோதிப்பார்கள், அபராதமும் உண்டு. பீப்பாயில் இருந்த பழைய நீரையும் அந்த இரண்டு மீன்களையும் கொண்டு மறுபடி தொடங்கினோம். கடையில் குளோரமினையும் சேர்த்து முறிக்கும் என்று புட்டியிலேயே அச்சிட்ட மருந்தை வாங்கி, புதிய நீர் முழுவதற்கும் கணக்குப் பார்த்து ஊற்றினோம். இத்தகைய மருந்துகள் பலவற்றில் இருப்பது சோடியம் தயோசல்பேட். பழைய புகைப்படக் கடைகளில் ஹைப்போ என்று வைத்திருந்த அதே உப்பு. அது குளோரினை முறிக்கும். கூட இருந்த அம்மோனியா நீரில் மிஞ்சும். ஆகவே வடிகட்டி உயிரோடு இருக்க வேண்டும், ஒரே நாளில் நிறைய நீரை மாற்றவும் கூடாது.

கணக்கு சுலபம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள்: 2 பெருக்கல் 1.5 பெருக்கல் 0.6, ஆக 1.8 கன மீட்டர். ஆயிரத்தால் பெருக்கினால் 1,800 லிட்டர். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்றால் 180 லிட்டர், பதினெட்டு வாளி. அத்தான் பதினெட்டு வாளியையும் எண்ணித்தான் ஊற்றுகிறார். வடிகட்டிப் பஞ்சைக் குளத்து நீரிலேயே ஒரு வாளியில் பிழிந்து எடுக்கிறார். குளத்தின் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் நிழல் வலை கட்டினார். துளையிட்ட கூடைகளில் கங்கோங் கீரையை மிதக்க விட்டார். பாசிக்குப் போகவேண்டிய நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்கிறது. தீனி ஒரே வேளை, மூன்று நான்கு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. புற ஊதா விளக்கு வாங்கலாமா என்று கேட்டார். அது மிதக்கும் பாசியைக் கொல்லும், பச்சைக்கு நல்ல உபாயம்தான். ஆனால் மண்ணையோ இலைச்சாற்றையோ அது ஒன்றும் செய்யாது. தீனியைக் குறைக்காமல் விளக்கை மட்டும் போட்டால் மின்கட்டணம்தான் மிச்சம் என்பது என் அபிப்பிராயம்.

அடிச்சேற்றைப் பற்றியும் அத்தானிடம்தான் கற்றேன். ஒரு மாலை என்னைப் பிடோக் நீர்த்தேக்கத்துக்கு நடக்க அழைத்துப் போனார். மணல் தோண்டி எடுத்த பள்ளம், 1986ல் மழைநீரைச் சேர்க்கும் நீர்த்தேக்கமாயிற்று. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பிலும் 2013 ஜனவரியில் மீன்கள் செத்து மிதந்தன, நாற்றமும் வீசியது என்றார். மழைக்காலக் குளிரிலும் காற்றிலும் மேல்நீர் குளிர்ந்து கீழே இறங்க, பிராணவாயு குறைந்த அடிநீர் மேலே வந்து கலந்ததுதான் காரணம். நம் குளம் அதன் முன்னால் ஒரு தம்ளர். இருந்தாலும் அடிச்சேற்றை ஒரே நாளில் கலக்கக் கூடாது. அவர் வாரம் ஒரு மூலையாக, சிறு குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துச் செடிகளுக்கு ஊற்றுகிறார். ஏழு மீன்களைப் புதைத்த இடத்தில் வைத்த வாழைக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது கையை விட்டுப் பார்த்தேன். முழங்கைவரை போயும் விரல் நகம் தெரிந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் இல்லை. இளந்தேநீர் நிறத்தில் இருந்தது. இரண்டு மீன்களும் கூடைக்கடியிலிருந்து வந்து என் விரலை முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அத்தான் கங்கோங் பறித்துக்கொண்டிருந்தார். வாளியை என்னிடம் நீட்டி, "எட்டு ஊற்றியாகிவிட்டது, மிச்சம் பத்து" என்றார். ரப்பர் குழாயை மட்டும் இன்னும் என் கையில் கொடுப்பதில்லை.