மழை பெய்த 9-ஆம் நாள் தெருவே மணக்கும், தெரியுமா?

பினாங்கில் நாள் கணக்கு வைத்துக்கொண்டு பூக்கும் ஓர் ஆர்க்கிட் இருக்கிறது, தெரியுமா? மலாய்க்காரர்கள் அங்கெரிக் மெர்பாத்தி என்பார்கள். நமக்குப் புறா ஆர்க்கிட். யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. சாலையோரத் தூங்குமூஞ்சி மரக்கிளையில் தானாகத் தொற்றிக்கொண்டு வளரும். மொட்டு விடும், விட்ட மொட்டு அப்படியே உறங்கும். கொளுத்தும் மத்தியானத்தில் சடசடவென மழை கொட்டி, வெப்பநிலை சுமார் 5 டிகிரி சரிந்தால் போதும், உறக்கம் கலைந்துவிடும்! ஏறக்குறைய 9-ஆம் நாள் விடியும்போது, அந்த மழையில் குளிர்ந்த வட்டாரம் முழுக்க அத்தனை செடியும் ஒன்றாக வெள்ளை வெளேரென்று மலரும். மணமோ மணம்! ஆனால் ஒரே நாள்தான். மறுநாள் கேமராவோடு போனால் வாடிய சருகைத்தான் படம் எடுக்கலாம்.

ஏன் இந்தக் கூட்டணி? ஒரு நாள் ஆயுளுள்ள பூ தனியாக மலர்ந்தால் அதற்கு மகரந்தம் யார் தருவது? ஊரோடு ஒத்துப் பூத்தால் தேனீக்கு விருந்து, செடிக்கு விதை.

செடி மட்டுமல்ல, செடி தேடி அலைந்த மனிதரின் கதையும் பினாங்கில் உண்டு. தைப்பூசக் காவடி ஏறும் தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் உள்ள தாவரவியல் பூங்கா 1884-இல் உருவானது. அதை அமைத்த சார்லஸ் கர்ட்டிஸ், அதற்கு முன் இங்கிலாந்தின் வீட்ச் நாற்றுப் பண்ணைக்காகப் போர்னியோ, சுமத்ராக் காடுகளில் செடி தேடி அலைந்தவர், தெரியுமா?

சரி, கடை ஆர்க்கிட்டுக்கு வருவோம். சீனப் பெருநாளுக்குக் கடையில் குவியும் பெரிய ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் பூக்களில் பெரும்பாலானவை மணக்கவே மணக்காது! அளவையும் நிறத்தையும் பார்த்துக் கலப்பினம் செய்ததில் வாசனை கை நழுவிவிட்டது. மணம் வேண்டுமானால் நம் தீபகற்பத்துச் செடியான ஃபலனாப்சிஸ் வயலேசியாவைக் கேளுங்கள். இதன் போர்னியோ உறவான பெல்லினாவை 1995-இல்தான் தனி இனமாகப் பிரித்தார்கள். பெல்லினாவின் மணத்தில் இருக்கும் ஜெரானியால் ரோஜாவிலும் உண்டு! பகலில் முகருங்கள், இரவில் முகர்ந்துவிட்டு விற்றவரைத் திட்டாதீர்கள்.

பூ முடிந்ததும் கத்தரிக்கோலைத் தூக்குகிறீர்களா? வேண்டாமே! தண்டு பச்சையாக இருந்தால் விட்டுவையுங்கள். வயலேசியா அதே தண்டில் மறுபடி மறுபடி பூக்கும். மண்ணில் நட்டால் வேர் மூச்சுமுட்டிச் சாகும். அடுப்புக்கரித் துண்டும் தேங்காய் மட்டையும் போதும். வேர் வெள்ளையாகத் தெரிந்தால் தாகம், பச்சையாகத் தெரிந்தால் குடித்தாயிற்று, செடியே சொல்லிவிடுகிறது! தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். ராத்திரி முழுக்கக் குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகல்தான். காட்டிலிருந்து பிடுங்கி வந்து விற்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள். பண்ணையில் வளர்த்த செடிதான் வீட்டிலும் பிழைக்கும்.

வேலை முடிந்து இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறவரா? உங்களுக்கென்றே மத்திய அமெரிக்காவில் ஓர் ஆர்க்கிட் இருக்கிறது: பிரசாவோலா நோடோசா. பகலெல்லாம் ஒன்றும் தெரியாததுபோல இருக்கும். பொழுது சாய்ந்ததும் அந்துப்பூச்சியை அழைக்க எலுமிச்சை வாசத்தை அவிழ்த்துவிடும்! வெயில் கேட்கும் செடி இது. அஞ்சடியின் ஓரத்தில், காலை வெளிச்சம் படும் இடமாகப் பார்த்துத் தொங்கவிடுங்கள். பூத்த அன்று ராத்திரி, பக்கத்து வீட்டு அக்கா எங்கிருந்து மணக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவார்!