இரு அலுவலகங்களை இணைக்கும் மென்பொருள்: தொகுத்தலும் நிறுவுதலும்

மைசூரு மாவட்டத்தின் நஞ்சன்கூடு வட்டத்தில் விவசாயி ஒருவர் இரண்டு ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்குகிறார் எனக் கொள்வோம். கிரயப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகின்றது. ஆயினும் வங்கிக் கடனுக்கோ அரசின் உதவிக்கோ அவர் விண்ணப்பிக்கும்போது காட்ட வேண்டிய சான்று அப்பத்திரம் மட்டுமன்று. வருவாய்த் துறையின் 'பஹணி' எனப்படும் நில உரிமைப் பதிவேட்டிலும் அவர் பெயர் ஏறியிருத்தல் வேண்டும். பத்திரம் பதிவான நாளுக்கும் பஹணியில் பெயர் மாறும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஏட்டின்படி நிலம் பழைய உரிமையாளருடையதாகவே காணப்படும். அதனைக் காட்டி அவர் மீண்டும் கடன் பெறவோ, வேறொருவருக்கு விற்க முற்படவோ இடமுண்டு. பதிவுத் துறை அறிந்த செய்தி வருவாய்த் துறைக்கு எத்துணை விரைவாகவும் தவறாமலும் சென்று சேர்கின்றது என்பதிலேயே வாங்கியவரின் பாதுகாப்பு அடங்கியுள்ளது.

கர்நாடகத்தில் இவ்விரு துறைகளும் தனித்தனியே கணினிமயமாயின. நில ஆவணங்களுக்கான 'பூமி' திட்டத்தின் மென்பொருளைத் தேசியத் தகவல் மையம் உருவாக்கியது. அத்திட்டம் 2000-ஆம் ஆண்டையொட்டிய ஆண்டுகளில் மாநிலத்தின் வட்டங்கள் எங்கும் பரவியது; 67 லட்சம் நில உரிமையாளர்களின் ஏறத்தாழ 2 கோடி ஆவணங்கள் கணினியில் ஏற்றப்பட்டன. பத்திரப் பதிவுக்கான 'காவேரி' திட்டம் சி-டாக் நிறுவனத்தின் துணையுடன் அமைந்தது. உருவாக்கியோர் வேறு, தரவுகளின் அமைப்பு வேறு, பொறுப்பேற்கும் துறையும் வேறு. பதிவான பரிமாற்றத்தின் விவரம் அடங்கிய 'ஜே' சீட்டு பதிவு அலுவலகத்திலிருந்து வட்ட அலுவலகத்திற்குச் செல்ல வேண்டும். அதன்பேரில் பெயர் மாற்ற நடவடிக்கை தொடங்க வேண்டும். தாளில் சென்ற அச்சீட்டைக் கணினி வழியே செலுத்தும் நிலை பின்னர் உருவாயிற்று. 2023-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 'காவேரி 2.0' அமைப்பு பூமி உள்ளிட்ட பிற துறைகளின் அமைப்புகளோடு இணைந்தே செயல்படுமாறு திட்டமிடப்பட்டது.

நாடு முழுவதற்கும் இத்தேவை உண்டு என்பது முன்னரே உணரப்பட்டது. 2006-ஆம் ஆண்டு மே மாதம் ஒப்புதல் பெற்ற தேசிய மின்னாளுகைத் திட்டத்தின்கீழ், துறைகளுக்கிடையே செய்திகளைக் கடத்தும் தேசியச் சேவை வழங்கு நுழைவாயில் 2008-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அரசு அமைப்புகளின் இணைப்பு முகங்கள் திறந்தனவாக இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

இவ்வாறு இரு அமைப்புகளுக்கிடையே நின்று செய்தியை வாங்கி, வடிவம் மாற்றி, உரிய இடத்திற்கு அனுப்பும் மென்பொருளையே இணைப்பு இடைமென்பொருள் என்கிறோம். அதனை எவ்வாறு எழுதுவது என்பது பற்றி நூல்கள் பல உள. எழுதியதை எவ்வாறு ஒரு பொதியாகக் கட்டி, யாருடைய கணினியில் நிறுவி, யார் பொறுப்பில் ஓடவிடுவது என்பதே அலுவலகங்களில் இடர் தருவது. இங்கு விளக்கப்படும் முறை ஜாவா மொழியில் எழுதப்படும் இடைமென்பொருளுக்கு உரியது. பூமியும் காவேரியும் இம்முறையில்தான் இணைக்கப்பட்டுள்ளன என்பது இதன் பொருளன்று. அவற்றை ஒத்த இரு அமைப்புகளை இணைக்க முற்படும் எந்த அலுவலகமும் சந்திக்கும் வினாக்களே இவை.

இடைமென்பொருள் செய்யும் பணி

ஒரு பத்திரத்தின் செய்தியை எடுத்துக்கொள்வோம். பதிவு அலுவலகம் கிராமத்தைப் பெயரால் குறிக்கலாம். வருவாய்த் துறை எண்ணால் குறிக்கலாம். ஒன்றில் பரப்பளவு ஏக்கர், குண்டை அளவில் இருக்கும். மற்றொன்றில் ஹெக்டேரில் இருக்கும். இடைமென்பொருள் இவற்றை மாற்றியமைக்கின்றது. எந்த வட்டத்திற்கு உரிய செய்தி எனத் தீர்மானிக்கின்றது. மறுமுனை செயலிழந்திருப்பின் செய்தியைக் காத்துவைத்து மீண்டும் முயல்கின்றது. அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்தடுக்கும் ஊழியரின் பணிக்கு இதனை ஒப்பிடலாம். அவ்வூழியர் கடிதத்தை மொழிபெயர்க்கவும் வேண்டியிருக்கும் என்பதே வேறுபாடு.

இத்தகைய இயந்திரங்கள் சில திறந்த மூல மென்பொருள்களாகவே கிடைக்கின்றன. 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய மியூல், 2007-இல் வெளிவந்த அப்பாச்சி கேமல் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. இலங்கையில் 2005-ஆம் ஆண்டில் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் இணைப்பு மென்பொருள், அப்பாச்சி சினாப்ஸ் என்னும் இயந்திரத்தின்மீது கட்டப்பட்டது. இவ்வியந்திரங்களைத் தனித்த நிரலாகவும் இயக்கலாம். மற்றொரு வழங்கியினுள் வலைப் பயன்பாடாகவும் அமர்த்தலாம்.

'வார்' கோப்பின் உள்ளமைப்பு

ஜாவா சர்வ்லெட் வரையறையின் 2.2-ஆம் பதிப்பு 1999-ஆம் ஆண்டில் வெளியானபோது, வலைப் பயன்பாட்டை ஒரே கோப்பாகக் கட்டும் முறை வகுக்கப்பட்டது. அக்கோப்பே 'வார்' எனப்படுகின்றது. 'வெப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கமே அது. ஆங்கிலத்தில் போரைக் குறிக்கும் சொல்லோடு அதற்கு உறவில்லை, நிறுவும் இரவுகளில் அவ்வாறு தோன்றினும்.

வார் என்பது சுருக்கப்பட்ட ஒரு கோப்புத் தொகுதி. அதனுள் 'வெப்-இன்ஃப்' என்னும் உறை உண்டு. வெளியிலிருந்து வலை உலாவி வழியே அதனை எவரும் நேரே படிக்க இயலாது. அவ்வுறைக்குள், எழுதிய நிரல்கள் 'கிளாசஸ்' பகுதியிலும், துணை நூலகங்கள் 'லிப்' பகுதியிலும், பயன்பாட்டை வழங்கிக்கு அறிமுகம் செய்யும் 'வெப்.எக்ஸ்.எம்.எல்' என்னும் விவரக்கோப்பும் இடம்பெறும். டாம்கேட், ஜேபாஸ், வெப்லாஜிக், வெப்ஸ்பியர் போன்ற எந்த வழங்கியும் இவ்வமைப்பைப் புரிந்துகொள்ளும். டாம்கேட்டின் 'வெப்ஆப்ஸ்' அடைவில் கோப்பை வைத்தாலே போதும். வழங்கி அதனை விரித்து இயக்கத் தொடங்கும். 'பெயர்மாற்றம்' எனக் கோப்புக்குப் பெயரிட்டால் வலை முகவரியிலும் அப்பெயரே அமையும்.

இடைமென்பொருளை இதனுள் அமர்த்துவதற்கு இரண்டு கண்ணிகள் தேவை. வழங்கி எழும்போது இணைப்பு இயந்திரத்தையும் எழுப்பி, நிற்கும்போது அதனையும் நிறுத்தும் 'லிசனர்' ஒன்று. வலை வழியே வரும் வேண்டுகோளைப் பெற்று உரிய வழித்தடத்தில் செலுத்தும் சர்வ்லெட் மற்றொன்று. 2009-ஆம் ஆண்டின் சர்வ்லெட் 3.0 வரையறைக்குப் பின் இவற்றை விவரக்கோப்பில் எழுதாமல் நிரலிலேயே குறிக்கவும் வழி ஏற்பட்டது. ஆயினும் பராமரிக்க வருபவர் திறந்து பார்த்ததும் புரிந்துகொள்வதற்கு விவரக்கோப்பே மேலானது.

ஏற்கெனவே உள்ள வழங்கியில் அமர்த்துவது ஏன்?

அரசின் தரவு மையங்களில் புதிய கணினி ஒன்றைப் பெறுவதைக் காட்டிலும், புதிய வாயில் எண் ஒன்றைத் தீச்சுவரில் திறக்க ஒப்புதல் பெறுவது சில வேளைகளில் கடினமாகும். வார் கோப்பாக அமையும் இடைமென்பொருள், வழங்கி ஏற்கெனவே பயன்படுத்தும் 443 என்னும் பாதுகாப்பு வாயிலையே பயன்படுத்திக்கொள்ளும். மறைகுறியாக்கச் சான்றிதழ், தரவுத்தள இணைப்புத் தொகுப்பு, நாட்பதிவு, கண்காணிப்பு ஆகிய அனைத்தையும் வழங்கியே தருகின்றது. அதனை இயக்கப் பழகிய ஊழியர்களும் ஏற்கெனவே உள்ளனர். நள்ளிரவில் கோளாறு நேர்ந்தால், புதிய மென்பொருளை அறியாதவரும் வழங்கியின் நாட்பதிவைப் படிக்க அறிவார். சிறிய துறைகளுக்கு இந்நன்மை மிகப் பெரிது.

பொதியினுள் வைக்கலாகாதவை

மைசூருவில் இரண்டு வகையான பயிற்சி நடைபெறுகின்றது. கர்நாடக அரசின் ஆட்சிப் பயிற்சி நிறுவனம் அங்கே அலுவலர்களைப் பயிற்றுவிக்கின்றது. அதே நகரில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகம் பல்லாயிரம் இளம் பொறியாளர்களை உருவாக்கியுள்ளது. மென்பொருளை எழுதுவோரும், அதனைக் கொண்டு பணியாற்றுவோரும் வேறு வேறு வகுப்பறைகளில் பயில்கின்றனர். இவ்விரு சாராரும் சந்திக்கும் இடம் வார் கோப்பு கைமாறும் இடமே. அதனுள் எது இருக்கும், எது வெளியே இருக்கும் என்பது அவர்களுக்கிடையேயான உடன்படிக்கை எனலாம்.

தரவுத்தளத்தின் கடவுச்சொல், மறுமுனையின் முகவரி, வட்டக் குறியீட்டுப் பட்டியல் ஆகியவை பொதியினுள் இருத்தல் ஆகாது. அவை உள்ளே இருப்பின், கடவுச்சொல்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் எழுதியவரிடமே திரும்பிச் சென்று புதிய கோப்பைக் கட்டிவாங்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அவரைத் தேட வேண்டும். அதனினும் தீங்கானது, சோதித்த கோப்பும் நிறுவிய கோப்பும் வேறு வேறாகிவிடுவதாகும். மாற்றத்திற்குரியவற்றை வழங்கியின் அமைப்புக் கோப்பில் வைத்து, அவற்றைப் பெயரால் மட்டும் பொதி கேட்டுப் பெறுமாறு செய்தால், சோதனைக் கூடத்தில் தேறிய அதே கோப்பு ஓர் எழுத்தும் மாறாமல் நடைமுறைக்கு வரும்.

காத்திருக்கும் செய்திகளும் பொதிக்கு உரியன அல்ல. மறுமுனை நின்றுபோன வேளையில் 40 பத்திரங்களின் செய்திகள் வழங்கியின் நினைவகத்தில் காத்திருப்பதாகக் கொள்வோம். யாரோ ஒருவர் வேறொரு பயன்பாட்டிற்காக வழங்கியை நிறுத்தி எழுப்பினால் அந்த 40-உம் அழிந்துபோகும். பிழைச்செய்தியும் தோன்றாது, பத்திரம் பதிவாகியிருக்கும், பஹணி மாறியிராது. கேமல் போன்ற இயந்திரங்கள் நிறுத்தப்படும்போது கையிலுள்ள பணியை முடிக்கச் சிறிது நேரம் காத்திருக்கும். அதன் 3-ஆம் பதிப்பில் இயல்பான வரம்பு 45 விநாடி. அதற்குமேல் உத்தரவாதமில்லை. எனவே செய்திகள் ஆக்டிவ்எம்க்யூ போன்ற தனி வரிசைக் காப்பகத்திலோ தரவுத்தளத்திலோ தங்க வேண்டும்.

வழங்கி ஒன்று போதாதெனக் கருதி இரண்டாக்கும்போது வேறொரு சிக்கல் எழுகின்றது. அதே வார் கோப்பு இரண்டிலும் நிறுவப்படும். வலை வழியே வரும் வேண்டுகோள்கள் பகிர்ந்துகொள்ளப்படும் என்பது உண்மையே. ஆனால் 'ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை இந்த அடைவில் கோப்பு உள்ளதா எனப் பார்' என்னும் வழித்தடம் இரண்டு வழங்கிகளிலும் ஒரே நேரத்தில் விழித்தெழும். ஒரே பத்திரம் இருமுறை அனுப்பப்படும். பத்திர எண்ணையும் ஆண்டையும் அலுவலகக் குறியீட்டையும் சேர்த்து ஓர் அடையாளமாகக் கொண்டு, முன்னரே சென்றதா எனப் பொதுவான தரவுத்தளத்தில் சரிபார்ப்பதே இதற்குத் தீர்வு.

ஒரு கூரையின்கீழ் பலர்

ஒரே வழங்கியில் பல வார் கோப்புகள் குடியிருக்கும்போது நினைவகமும் பொதுவாகின்றது. ஒன்று அளவுமீறி உண்டால் மற்றவையும் பட்டினி கிடக்கும். பழைய பதிப்பை அகற்றிப் புதியதை நிறுவும்போது, இயந்திரம் தொடங்கிய இழைகள் முழுதும் நிற்காவிடில் பழையது நினைவகத்தில் தங்கிவிடும். சிலமுறை இவ்வாறு செய்தபின் வழங்கியே நின்றுவிடும். டாம்கேட்டின் 7-ஆம் பதிப்பு முதல், கோப்புப் பெயரோடு பதிப்பு எண்ணைச் சேர்த்து, பழையதும் புதியதும் சிறிது காலம் அருகருகே இயங்க வழி உள்ளது. கோப்புகளைத் தேடும் வழித்தடம் உள்ள பொதிகளுக்கு இவ்வசதி, முன்னர்க் கூறிய இரட்டை அனுப்புதலையே மீண்டும் விளைவிக்கும் என்பதை மறத்தலாகாது.

நூலக மோதல் மற்றொன்று. வழங்கியிடம் உள்ள எக்ஸ்.எம்.எல் நூலகத்தின் பதிப்பு ஒன்றாகவும், பொதியினுள் உள்ளது வேறாகவும் இருப்பின், எதனை முதலில் ஏற்பது என்பதில் வழங்கிகள் தம்முள் வேறுபடுகின்றன. டாம்கேட்டில் சீராக ஓடிய கோப்பு வெப்ஸ்பியரில் விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எந்த வழங்கியிலும் ஓடும் என்னும் வாக்குறுதியை, நிறுவவிருக்கும் அதே வழங்கியில் சோதித்த பின்னரே நம்புதல் வேண்டும்.

ஒவ்வொரு பொதியும் தனக்கென நூலகங்களைச் சுமந்து செல்வதன் விலை 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தெரியவந்தது. 'லாக்4ஜே' என்னும் நாட்பதிவு நூலகத்தில் கொடிய பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, வழங்கியைப் புதுப்பித்தால் மட்டும் போதவில்லை. ஒவ்வொரு வார் கோப்பையும் திறந்து, 'லிப்' பகுதியில் அந்நூலகம் உள்ளதா எனத் தேட வேண்டியதாயிற்று. பொதியோடு அதன் நூலகங்களின் பட்டியலையும் எழுத்தில் பெற்றிருந்த அலுவலகத்திற்கு இது ஒரு நாள் வேலை. பட்டியல் இல்லாத அலுவலகம் எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

2013-இல் டாக்கர், 2014-இல் ஸ்பிரிங் பூட் ஆகியன வந்தபின், வழங்கியையும் பயன்பாட்டையும் ஒன்றாகக் கட்டி ஒவ்வொன்றையும் தனியே இயக்கும் முறை வலுப்பெற்றுள்ளது. பல இணைப்புகளை நாள்தோறும் மாற்றும் பெரிய அமைப்புகளுக்கு அதுவே ஏற்றது. ஒரு வழங்கியும் ஓரிரண்டு இணைப்புகளும் உள்ள துறை, அதனை இயக்குவதற்குரிய ஆட்கள் அமையும்வரை வார் முறையில் தொடர்வதில் குறையொன்றும் இல்லை.

எனினும் அத்தகைய துறைகள் தவிர்க்க இயலாத மாற்றம் ஒன்று உண்டு. ஜாவாவின் நிறுவனப் பதிப்பு எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டு 'ஜக்கார்த்தா' எனப் பெயர் பெற்றபின், 2020-ஆம் ஆண்டின் 9-ஆம் பதிப்பில் நிரல்களின் உட்பெயர்கள் 'ஜாவாக்ஸ்' என்பதிலிருந்து 'ஜக்கார்த்தா' என மாறின. இதனால் டாம்கேட் 9-இல் ஓடும் வார் கோப்பு, 10-ஆம் பதிப்பின் வழக்கமான அடைவில் வைத்தால் ஓடாது. அதற்கென 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' என்னும் தனி அடைவை ஏற்படுத்தி அதில் பழைய கோப்பை வைத்தால், டாம்கேட்டே உட்பெயர்களை மாற்றி, மாறிய கோப்பை வழக்கமான அடைவில் இடும். மூல நிரல் கையில் இல்லாத பொதிகளுக்கு இவ்வழி உதவும். மாற்றிய பின்னர், பதிவான பத்திரங்களின் எண்ணிக்கையையும் வருவாய்த் துறைக்குச் சென்றுசேர்ந்த செய்திகளின் எண்ணிக்கையையும் சில நாள்களேனும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.