முகம் பார்த்த ஆட்டம், கணக்குப் பார்க்கும் ஆட்டம்

1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டும் லாஸ் வேகஸில் நடந்த போக்கர் உலகத் தொடரை டெக்சாஸ்காரர் டாயல் பிரன்சன் வென்றார். இரண்டு முறையும் இறுதிக் கையில் அவரிடம் இருந்தவை பத்தும் இரண்டும். இரண்டு முறையும் கடைசிப் பொதுச்சீட்டாகப் பத்து விழுந்து, மூன்று பத்தும் இரண்டு இரண்டும் கொண்ட 'ஃபுல் ஹவுஸ்' சேர்ந்தது. இன்றும் அந்தச் சீட்டு ஜோடிக்கு அவர் பெயர்தான். ஆனால் இன்றைக்கு ஒன்பது பேர் மேசையில் முதலில் பேச வேண்டியவருக்கு அது வந்தால் யோசிக்காமல் கவிழ்த்துவிடுவார்.

டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். பிறகு நடுவில் ஃப்ளாப் என்று மூன்று, டர்ன் என்று ஒன்று, ரிவர் என்று ஒன்று விழும். மறைவுச் சீட்டு வந்ததும், பிறகு இந்த மூன்றின் முடிவிலும் என நான்கு கட்டத்திலும் பந்தயம் உண்டு. விதி அப்படியேதான் இருக்கிறது. ஆடுபவர் தன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி மாறிவிட்டது. அன்று, 'எதிராளியிடம் என்ன சீட்டு?' இன்று, 'இப்படி ஆடியவரிடம் எந்தெந்தச் சீட்டெல்லாம் இருக்கலாம்?' அந்த மொத்தத் தொகுப்புக்கு ரேஞ்ச் என்று பெயர்.

முதல் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்சப் பணத்தை மட்டும் போட்டு ஃப்ளாப்பை எட்டிப் பார்ப்பது அன்று சாதாரணம். இன்று, ஆடினால் பந்தயத்தை உயர்த்து, இல்லாவிட்டால் விலகு என்பதே பாடம். இருக்கையும் சேர்ந்து முடிவு செய்கிறது: முதலில் பேசுபவர் ஏழெட்டுக் கைகளில் ஒன்றைத்தான் தொடுவார், மற்றவர்கள் விலகிவிட்டால், டீலர் இருக்கையில் இருப்பவர் கிட்டத்தட்டப் பாதிக் கைகளோடு இறங்குவார்.

பெரிய மாற்றம் ஃப்ளாப்பில். முதலில் உயர்த்தியவர், எந்தச் சீட்டு விழுந்தாலும் மறுபடி பந்தயம் கட்டுவது 2000-களின் வழக்கம். பெரும்பாலும் நடுவில் சேர்ந்த பணத்தில் பாதிக்கு மேல் கட்டுவார்கள். இன்று விழுந்த சீட்டைப் பொறுத்து ஆட்டமே வேறு. வெவ்வேறு சாதியில் ஏஸ், ஏழு, இரண்டு விழுந்தால், ஏஸ் அதிகம் வைத்திருக்கக்கூடியவர் உயர்த்தியவரே. அவர் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கட்டி அடிக்கடி அழுத்துவார். ஒன்பது, எட்டு, ஏழு விழுந்தால், ஈடாகப் பணம் கட்டிக் கூடவே வந்தவருக்குத்தான் அது பொருந்தும். உயர்த்தியவர் பல நேரம் பந்தயம் கட்டாமல் செக் சொல்லி அடங்குவார்.

டர்னில் கணக்கு பழையதுதான். ஒரே சாதியில் நான்கு சேர்ந்து ஐந்தாவதுக்குக் காத்திருப்பவருக்கு, பார்க்காத 46 சீட்டில் ஒன்பது உதவும். ஐந்தில் ஒரு வாய்ப்பு. மாறியது பந்தயத்தின் அளவு. 2017-இல் பிட்ஸ்பர்க்கில் லிப்ராட்டஸ் என்ற கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி நிரல் நான்கு தொழில்முறை வீரர்களை 1,20,000 கைகளில் தோற்கடித்தது. நடுவில் இருக்கும் பணத்தைப் போலப் பல மடங்கு கட்டி அது அவர்களைத் திணறடித்தது. அத்தகைய பந்தயம் இப்போது மனிதர்களின் மேசையிலும் சகஜம்.

ரிவரில்தான் அன்று முகம் பார்த்தார்கள்: கை நடுங்குகிறதா, கண் சீட்டுக்குப் போகிறதா என்று. மைக் கேரோ 1984-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். இன்று விகிதம் பார்க்கிறார்கள். நடுவில் இருக்கும் அளவுக்கே பந்தயம் கட்டுபவர், இரண்டு நல்ல கைக்கு ஒரு பிளஃப் (பலமில்லாத கையோடு மிரட்டும் பந்தயம்) என்று கலந்தால், எதிராளி பணம் கட்டிப் பார்த்தாலும் விலகினாலும் லாபம் காண முடியாது.

இந்தக் கணக்குகளை மேசையில் கற்க முடியாது. 2015 வாக்கில், ஒவ்வொரு நிலைக்கும் சரியான ஆட்டத்தைக் கணக்கிடும் சால்வர் எனப்படும் மென்பொருள்கள் விற்பனைக்கு வந்தபின், ஆட்டத்துக்குப் பிறகு வீட்டில் கணினியோடு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் சரிபார்ப்பது பயிற்சியின் பாதியாகிவிட்டது.

முகம் பார்க்கத் தெரியாத நிரல் வென்றதால் பழைய வித்தை செத்துவிட்டதா? இல்லை. சால்வரின் விடை, எதிராளியும் தவறில்லாமல் ஆடுவார் என்ற அனுமானத்தில் பிறந்தது. ரிவரில் ஒருபோதும் பிளஃப் செய்யாத ஒருவர் பெரிய பந்தயம் கட்டினால் விகிதத்தை மறந்து விலகுவதே சரி. அவரை அடையாளம் காண பிரன்சனின் கண் வேண்டும். ஆனாலும் கற்கத் தொடங்குபவர் ரிவரின் சாகசத்தில் மயங்க வேண்டாம். அங்கே வரும் சிக்கல்களில் பல, முதலிலேயே கவிழ்த்திருக்க வேண்டிய இரண்டு சீட்டில் தொடங்கியவை.