காசு போட்டது நாலு பேர், வீடு ஒருவர் பெயரில்

சுவிஸில் ஓல்டன் பக்கம் ஒரு பழைய கட்டடம் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கடன் எடுக்கக்கூடிய ஒருவர் தன் பெயரில் வாங்குவார், மற்ற மூன்று பேர் காசு போடுவார்கள், திருத்தி விற்று இலாபத்தைப் பிரித்துக்கொள்வது என்று ஒரு பிறந்தநாள் மண்டபத்தில் பேச்சு முடிகிறது. ஒருவர் வங்கி வழியாக 60,000 பிராங் அனுப்புகிறார். இன்னொருவர் உறையில் வைத்துக் கையில் கொடுக்கிறார். இரண்டு வருடம் கழித்து வீடு விற்றாயிற்று, பங்கு வரவில்லை. தொலைபேசியும் எடுபடவில்லை.

இந்த இடத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் சொல்வது, “எழுத்தில் ஒன்றுமில்லை, இனி என்ன செய்ய?” சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 530ஆம் பிரிவின்படி, ஒரு பொது நோக்கத்துக்காகக் காசோ உழைப்போ போட்டு இரண்டு பேர் சேர்ந்தாலே அது ‘ஐன்ஃபாக்க கெசெல்ஷாஃப்ட்’. தமிழில் சாதாரணக் கூட்டு எனலாம். அது உருவாவதற்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயமில்லை. அந்தக் கூட்டில் உள்ள எவரும் கணக்கைப் பார்க்கலாம் என்கிறது 541ஆம் பிரிவு. “கணக்குக் கேட்கக் கூடாது” என்று முன்பு நீங்களே ஒப்புக்கொண்டிருந்தாலும் அந்த ஒப்புதல் செல்லாது. ஆகவே முதல் வேலை சண்டை போடுவதல்ல. கணக்கையும் வங்கி விவரத்தையும் கேட்டு, நாள் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புவது.

அதற்கு முன்பே கைத்தொலைபேசியைத் தொடுங்கள். “காசு கிடைச்சுது மச்சான்” என்று வட்ஸ்அப்பில் வந்த அந்த ஒற்றை வரி, நீதிமன்றத்தில் பெரிய சாட்சி. உரையாடலை அழிக்காமல் முழுதாக வெளியே எடுத்து வையுங்கள். நாலு வரியை மட்டும் படம் பிடித்து வைத்தால் மற்றப் பக்கம் “முன்னும் பின்னும் வெட்டிவிட்டார்கள்” என்று சொல்லும். பணம் அனுப்பிய படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள் என்றும் பாருங்கள். ‘வீட்டுப் பங்கு’ என்று எழுதியதும் ‘கடன்’ என்று எழுதியதும் ஒன்றல்ல. கடன் என்றால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம். பங்கு என்றால் இலாபத்தில் உரிமை உண்டு, நட்டத்திலும் பங்கு உண்டு.

ஒரு விடயத்தைச் சட்டத்தரணியிடம் மறைக்கவே கூடாது. வெளிநாட்டவர் காணி வீடு வாங்குவதைக் கட்டுப்படுத்தும் ‘லெக்ஸ் கொல்லர்’ சட்டம் 1985 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்து, சுவிஸ் குடியுரிமையோ ‘சி’ வதிவிட அட்டையோ இல்லாதவர்கள் தாம் குடியிருக்க வீடு வாங்குவது வேறு; வாடகைக்கோ விற்பனைக்கோ வீடு வாங்குவதற்கு அனுமதி வேண்டும். அந்தத் தடையைத் தாண்டத்தான் இன்னொருவர் பெயரைப் பயன்படுத்தினீர்கள் என்றால், உடன்பாடே செல்லாமல் போகலாம், குற்ற விசாரணை உங்கள் பக்கமும் திரும்பலாம். ஏமாற்றியவர் துணிந்து பேசுவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

பொலிஸுக்குப் போகலாமா? போகலாம். ஆனால் வாக்குத் தவறியது வேறு, மோசடி வேறு. வியாபாரம் நட்டப்பட்டதால் காசு திரும்பவில்லை என்றால் அது குற்றமல்ல. தொடக்கத்திலேயே பொய் சொல்லிக் காசைப் பறித்திருந்தால் குற்றவியல் சட்டத்தின் 146ஆம் பிரிவு, மோசடி. நம்பி ஒப்படைத்த காசைத் தன் தேவைக்கு எடுத்திருந்தால் 138, கையாடல். இரண்டுக்கும் பொதுவாக ஐந்து வருடம் வரை சிறை உண்டு.

மோசடிக்குச் சுவிஸ் சட்டம் இன்னொன்றும் கேட்கிறது: ‘ஆர்க்லிஸ்ட்’, அதாவது சூழ்ச்சி. சாதாரணப் பொய் போதாது. எளிதாகச் சரிபார்த்திருக்கக் கூடியதைக்கூட நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால் வழக்கு அங்கேயே தடுமாறும். ஒரு வீட்டின் உரிமையாளர் யார் என்பதைக் காணிப் பதிவேடான ‘குருண்ட்பூக்’ அலுவலகத்தில் எவரும் காரணம் சொல்லாமல் கேட்டு அறியலாம். ஏன் கேட்கவில்லை என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். இதற்கும் பதில் உண்டு. இருவருக்கும் இடையில் இருந்த தனிப்பட்ட நம்பிக்கையால் இவர் சரிபார்க்க மாட்டார் என்று தெரிந்தே ஒருவர் ஏமாற்றினால், அதைச் சூழ்ச்சியாக நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ஒரே ஊர், ஒரே கோயில், இருபது வருடப் பழக்கம் என்பதையெல்லாம் வெட்கப்படாமல் முறைப்பாட்டில் எழுதுங்கள். அவை சட்டத்தில் எடைபோடக்கூடிய உண்மைகள்.

ஏமாற்றியவர் உங்கள் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, கூடப்பிறந்தவர் அல்லது ஒரே வீட்டில் வாழ்பவர் என்றால் உங்கள் முறைப்பாடு இல்லாமல் அரசு இந்தக் குற்றங்களைத் தொடாது. அதற்கு மூன்று மாதம்தான் தவணை. குடும்பத்தில் பேசித் தீர்ப்போம் என்று பொங்கலில் இருந்து சித்திரை வரை காத்திருந்தால் தவணை போய்விடும். எனக்கு மனம் வலிப்பது இங்கேதான்.

முறைப்பாட்டோடு ‘பிறிவாட்கிளேகர்’, அதாவது தனிப்பட்ட வழக்காளியாகச் சேர்வதாக எழுதிக் கொடுங்கள். அப்போது கோப்பைப் பார்க்கலாம், சாட்சியம் கோரலாம், இழப்பீட்டையும் அதே வழக்கில் கேட்கலாம். வழக்குத்தொடுநர் விசாரணையை ஏற்க மறுத்தால் மேல்முறையீட்டுக்குப் பத்து நாள்தான்.

ஆனால் தண்டனை கிடைத்தால் காசு கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பாசல் நிதி வியாபாரி டீட்டர் பெஹ்ரிங்கின் முதலீட்டு அமைப்பு 2004இல் சரிந்தது. ஏறத்தாழ 2,000 பேர், 80 கோடி பிராங். பெலின்சோனாவில் உள்ள கூட்டாட்சிக் குற்றவியல் நீதிமன்றம் அவருக்கு ஐந்தரை வருடச் சிறை விதித்தது 2016இல். பன்னிரண்டு வருடத்தில் காசு எங்கெல்லாமோ போய்விடும். அதனால் முறைப்பாட்டின் முதல் பக்கத்திலேயே, தெரிந்த வங்கிக் கணக்கு, வீடு, கார் எல்லாவற்றையும் குறிப்பிட்டு முடக்கும்படி கேளுங்கள். வீடு இன்னும் விற்கப்படவில்லை என்றால் காணிப் பதிவேட்டில் தடை போட வழக்குத்தொடுநரால் முடியும். குற்ற வழக்கு இல்லாமலும், எதிராளி சொத்தை ஒளிக்கிறார் அல்லது ஓடப் பார்க்கிறார் என்று நம்பத்தக்க விதத்தில் காட்டினால் நீதிமன்றம் ‘அரெஸ்ட்’ என்னும் சொத்து முடக்கத்தைத் தரும். அது கிடைத்தபின் பத்து நாளுக்குள் அடுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால் முடக்கம் கலைந்துவிடும்.

நம்மவர்கள் நன்றாக அறிந்த ‘பெட்ரைபுங்’, அதாவது கடன் அறவிடும் அறிவித்தல், எளிது; ஆதாரமே கேட்காமல் அனுப்புவார்கள். எதிராளி பத்து நாளுக்குள் மறுத்தால் அதுவும் அங்கேயே நிற்கும். கையெழுத்திட்ட கடன் ஒப்புதல் இருந்தால் அந்த மறுப்பை விரைவாக நீக்கலாம். இல்லாவிட்டால் சமரச அலுவலகம், பிறகு நீதிமன்றம். 2025 முதல் நீதிமன்றம் கேட்கும் முற்பணம் பொதுவாக எதிர்பார்க்கும் செலவில் பாதியைத் தாண்டாது. வசதி இல்லாதவருக்கு இலவசச் சட்ட உதவியும் உண்டு.

காணி யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருந்தால்? காசு சுவிஸில் கைமாறியிருந்தால் இங்கே முறைப்பாடு கொடுக்கலாம். இங்கே வசிக்கும் ஏமாற்றியவரிடம் காசைக் கேட்டு இங்கேயே வழக்கும் போடலாம். ஆனால் அந்தக் காணியின் உறுதியை இங்குள்ள நீதிபதி மாற்ற முடியாது. அதற்கு இலங்கை நீதிமன்றம்தான். நீங்கள் கொடுத்த அற்றோர்ணித் தத்துவம் இன்னும் அவர் கையில் இருந்தால் அதை இன்றே இரத்துச் செய்யுங்கள்.

ஏமாற்றப்பட்டுச் செய்த ஒப்பந்தத்தை நிராகரிக்க, ஏமாற்றம் தெரிந்த நாளில் இருந்து ஒரு வருடம். இழப்பீடு கேட்கப் பொதுவாக மூன்று வருடம். எந்த நாளில் தெரிந்தது என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதுங்கள். பல மாநிலங்களில் சட்டத்தரணிகள் சங்கம் குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ ஆலோசனை நேரம் நடத்துகிறது. அந்தத் தாளையும், வங்கிப் படிவத்தையும், ஜேர்மன் மொழியில் பெயர்த்த செய்திகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.