கண்ணுக்குத் தெரியாமல் ஒளிரும் கண்ணாடி

ராயபுரத்தை அடுத்துள்ள சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் அந்தமான் போய்ச் சேர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். ஆனால் நாம் தொலைபேசியில் பேசும் பேச்சு, ஒளியாக மாறி அதே கடலை விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்திற்குள் கடந்துவிடுகிறது. 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிளே அதன் பாதை. தீவுகளுக்கிடையே செல்லும் கிளைகளையும் சேர்த்து அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்குமுன் தீவு மக்கள் செயற்கைக்கோள்களையே நம்பியிருந்தனர்.

கேபிளுக்குள் இருப்பவை மயிரிழை போன்ற கண்ணாடி இழைகள். எவ்வளவு தூய்மையான கண்ணாடியும் ஒளியைச் சிறிது சிறிதாக இழக்கச் செய்யும். மிகக் குறைவாக இழக்கப்படுவது 1,550 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. அதுவும் 100 கிலோமீட்டர் சென்றால் நூறில் ஒரு பங்கே மிஞ்சும். நடுக்கடலில் அதற்கு வலுவூட்டுவது எப்படி?

இங்கேதான் எர்பியம் என்னும் அருமண் தனிமம் கைகொடுக்கிறது. கண்ணாடியில் இதைச் சிறிதளவு கலந்து, 980 நானோமீட்டர் லேசர் ஒளியைச் செலுத்துகிறார்கள். எர்பியம் அயனிகள் அந்த ஆற்றலை உட்கொண்டு, சிறிது நேரம் தேக்கி வைத்து, 1,550 நானோமீட்டரை ஒட்டி ஒளிர்கின்றன. சுமார் 700 நானோமீட்டருக்கு அப்பாற்பட்ட ஒளி நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை; ஆகவே இந்த ஒளிர்வை நாம் காண முடியாது. ஆற்றல் தேங்கியிருக்கும் வேளையில், நலிந்துபோன செய்தி ஒளி அவ்வழியே வந்தால், அதன் தூண்டுதலால் அயனிகள் அதே வகை ஒளியை உமிழ்கின்றன. செய்தி வலுப்பெற்று மேலே செல்கிறது. 1987-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெயின் குழுவினரும், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இம்மானுவேல் டெசர்வியர் குழுவினரும் இத்தகைய பெருக்கியைச் செய்து காட்டினர்.

அப்படியானால் எர்பியத்தை அள்ளிக் கலக்கலாமே என்று கேட்பீர்கள். கூடாது! அயனிகள் நெருங்கிவிட்டால் ஒன்றின் ஆற்றலை மற்றொன்று பறித்து வீணாக்கும். எனவே, அவற்றைப் பிரித்து வைக்க அலுமினியம் சேர்க்கிறார்கள். மற்றோர் எதிரி ஈரம். நீரிலிருந்து வரும் ஹைட்ராக்சில் தொகுதிகள் அந்த ஆற்றலை அதிர்வாக மாற்றி ஒளிர்வைக் கெடுக்கும். ஆகையால், கடலுக்கடியில் கிடக்கப்போகும் இந்தக் கண்ணாடியை, தயாரிக்கும்போதே ஈரம் நீக்கிச் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் கொல்கத்தாவிலுள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனம் எர்பியம் கலந்த இழைகளை உருவாக்கியுள்ளது. சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இடையே கடலடியில் ஆங்காங்கே பெருக்கிகள் அமைந்துள்ளன. அவற்றுக்கு வேண்டிய மின்சாரம் கரையிலிருந்து அதே கேபிள் வழியாகச் செல்கிறது. யாரும் காணாத அந்த ஒளிர்வு நின்றுவிட்டால், செய்தி பாதிக் கடலைக்கூடத் தாண்டாது.